பவளம் பார்க்க வந்த ராத்தா

ராத்தா,

இன்று காலை பவளத் தொட்டியின் தண்ணீரை மாற்ற உப்புக் கரைத்தேன். முன்னறை முழுக்கக் கடல் வாசம். மலை நடுவே, கெலிஓயாவில், இந்த வாசம் வர, உங்கள் வீட்டார் அக்காவைக் கூப்பிடுவதுபோல் நானும் ராத்தா என்றே கூப்பிட்ட நீங்கள்தான் காரணம். உங்கள் தொட்டியில் வளர்ந்த ஊதாப் பவளத்தில் ஒரு கிளையை ஒடித்துப் போத்தலில் போட்டுத் தந்தீர்கள். "வளத்துப் பாருங்க தங்கச்சி, புடிச்சிரும்" என்றீர்கள். பிடித்துத்தான் விட்டது.

சில வருடம் நன்றாக இருந்தது, பிறகு நிறம் மங்கத் தொடங்கியது. ஊதா போய் ஒரு பழுப்பு. வீட்டுக்காரரைக் கேட்டால், "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவருக்கு என்ன தெரியும் என்று தொட்டி விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினேன். சரிவராமல் இன்னும் கூட்டினேன். நுனிகள் வெள்ளை வெளேரென்று ஆனதும் பயந்துபோய் உங்களுக்குப் போன் எடுத்தேன்.

"மருந்து ஒண்டும் ஊத்தாதீங்க. வந்து பாக்குறேன்."

கண்டியில் வங்கி வேலை முடிந்து, அலவத்துகொடை வீட்டுக்குப் போக வேண்டியவர், எதிர்த்திசையில் பஸ் ஏறி வந்தீர்கள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். தேநீர் ஆறும்வரை தொட்டிக்குள் கை வைக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு உப்பும் சூடும் அளந்தீர்கள்.

"தண்ணி நல்லம். அடியில சதை கழரல்ல. நுனி மட்டுந்தான் வெளுத்தீக்குது. வெளிச்சம் கூடிப்போச்சு. என்னத்துக்குக் கூட்டினீங்க?"

"நிறம் போயிருச்சே ராத்தா. எல்லாம் பழுப்பாத் தெரியுதில்ல?"

"எங்க பழுப்பு? கீழ ஊதாவாத்தானே ஈக்குது."

அப்போதுதான் தொட்டியை விட்டு என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முக்காட்டு நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன நெறம்?" என்று கேட்டீர்கள்.

"கருப்பு."

"நீலம், தங்கச்சி."

நான் துணியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன்; கருப்பாகத்தான் தெரிந்தது. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "வெளிச்சத்தக் கொறச்சாப் பவளம் தேறிரும். உங்கட கண்ணத்தான் காட்டணும்."

எனக்குக் கோபம்கூட வந்தது. நீங்கள் விடவில்லை. லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். இரண்டு கண்ணிலும் புரை. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளடித்து வந்ததால் எனக்கே தெரியவில்லை என்றார் டாக்டர். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து தொட்டி முன்னால் நின்றேன். அப்படியொரு ஊதா! அழுதுவிட்டேன். "அழாதீங்க, கண்ணுக்குக் கூடாது" என்று நீங்கள் அதட்டியதில் சிரிப்பும் வந்தது.

மாதங்கள் போய் வெளுத்த நுனிகளிலும் நிறம் ஏறியது. அதை நீங்கள் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். திடீரென்று மாரடைப்பு என்றார்கள். மையத்து வீட்டில், அடக்கத்துக்கு முன், உங்கள் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன். அப்படிப் பார்க்கக் கிடைத்ததும் உங்களால்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை, கரும்பலகையில் இருப்பதை எப்போதும் பிழையாக எழுதுவாள். கவனமில்லை என்றார்கள் மற்ற டீச்சர்மார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க என்ன தெரியுது, சொல்லும்மா" என்று கேட்டேன்.

"வெள்ளையா ஏதோ இருக்கு டீச்சர்."

தாயைக் கூப்பிட்டுப் பேசினேன். போன கிழமை பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். பாடத்தைப் பார்க்கவேயில்லை. ஜன்னலோரம் நின்று கத்தினாள்: "டீச்சர், அந்த மலையில வீடு இருக்கு!"