மஞ்சள் விதை

ஆல்டர்பேங்க் காலனி, சஸ்காச்சுவன், கனடா
பிப்ரவரி 6, 2011

அன்புள்ள டோராவுக்கு,

அக்கா யுஸ்டினா எழுதுவது. நீ அனுப்பிய கம்பளி நூல் வந்தது, ரொம்ப நன்றி. போன் பண்ணலாமே என்பாய். நம் சபைக் காலனியில் சோறும் துணியும் போலப் போனும் எல்லாருக்கும் பொது, அது பொதுச் சமையலறைச் சுவரில் அல்லவா இருக்கிறது! நான் வாயைத் திறந்தால் உருளைக்கிழங்கு உரிக்கிறவர்கள் எல்லாரும் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

என் சன்னாவை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முழங்கையிலும் குதிகாலிலும் மஞ்சள் மஞ்சளாகக் கட்டி. கொலஸ்ட்ரால் ஏறிக் கிடக்கிறதாம். அப்பா களஞ்சிய வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கப்புறம்தானே நீயும் காலனியை விட்டுப் படிக்கப் போனாய்.

உன் ஆய்வுக்கூடத்தில், கடுகு மாதிரி இருக்கிற அந்தக் கனோலா எண்ணெய்விதையில் கொலஸ்ட்ராலை இறக்குகிற சத்தைக் கூட்டுகிறாயாமே. அந்த எண்ணெயில் ஒரு பாட்டில் அனுப்பு, டோரா. என் வீட்டுக்காரர் யாகோப்பும் சொல்லிவிட்டார்: "ஓடிப்போனவள்னு ஊரு பேசினா பேசட்டும். அவ எண்ணெய் நம்ம புள்ளயைக் காப்பாத்தினா, நானே ஒரு வாத்தை வறுத்துத் தூக்கிட்டுப் போய்க் குடுப்பேன்."

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
யுஸ்டினா


சஸ்கட்டூன்
பிப்ரவரி 15, 2011

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் வாத்து எனக்கு இப்போதைக்குக் கிடைக்காது. எண்ணெய் அனுப்ப முடியாது, அக்கா. செடி இன்னும் கண்ணாடிக் குடிலைத் தாண்டவில்லை. அதை யார் வாயிலும் வைக்க அனுமதி கிடையாது. கோபித்துக்கொள்ளாதே.

செடிகளில் ஸ்டெரால் என்று ஒன்று உண்டு. பார்த்தால் கொலஸ்ட்ராலோடு கூடப்பிறந்தது போலிருக்கும். குடலில் கொலஸ்ட்ரால் உள்ளே நுழையப் போகும்போது இது முண்டியடித்துக்கொண்டு வழியை மறிக்கும். அப்புறம் உடம்பு இதையும் வெளியே தள்ளிவிடும். செடிக்குள் ஸ்டெராலை உண்டாக்குகிற மரபணுவை, விதையில் மட்டும் கூடுதலாக வேலை செய்யும்படி முடுக்கிவிட்டிருக்கிறோம். அப்பாவை நினைத்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

சன்னா என்னென்ன சாப்பிடுகிறாள்? சாப்பாட்டை மாற்றிப் பார்த்தாயா, கட்டி குறைந்ததா? ஒன்றுவிடாமல் எழுது.

உன் தங்கை,
டோரா


ஆல்டர்பேங்க்
பிப்ரவரி 24, 2011

அன்புள்ள டோரா,

கோபம் வந்தது, போய்விட்டது.

நீயுமா சாப்பாட்டைக் கேட்கிறாய்? டாக்டரும் போன தடவை, "பத்தியம் ஒழுங்கா இருக்கீங்களா?" என்று கேட்டார். வண்டியில் வரும் வழியெல்லாம் அழுதேன். பன்றிக் கொழுப்பு, வாத்து நெய், வெண்ணெய் எதையும் அவள் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. அவளுக்கென்று தனிச் சட்டி வைத்து எல்லாம் தாவர எண்ணெயில்தான். காலனி முழுக்க அவள்மேல் இரக்கம். "பாவம், புள்ளைக்குப் பன்றித்தொடை கிடையாது, இதையாவது கொறிக்கட்டும்" என்று ஆளாளுக்குச் சூரியகாந்தி விதையைக் கையில் திணிக்கிறார்கள். பாக்கெட் எப்போதும் புடைத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கக் கொறிப்பாள், தரையெல்லாம் தோல்.

இத்தனை செய்தும் கட்டி பெரிதாகத்தான் ஆகிறது. நான் என்ன தப்பு செய்கிறேன், சொல்.

யுஸ்டினா


சஸ்கட்டூன்
மார்ச் 2, 2011

அக்கா,

படித்த கையோடு சன்னாவின் பாக்கெட்டைக் காலி செய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

சிலர் உடம்புக்கு ஸ்டெராலை வெளியே தள்ளத் தெரியாது. அது இரத்தத்திலேயே சேர்ந்துகொண்டே போகும். வழக்கமான பரிசோதனை அதையும் கொலஸ்ட்ரால் என்றே எண்ணிவிடும். விதையும் விதை எண்ணெயும்தான் அவர்களுக்கு ஆகாது. ஒரு சில குடும்பங்களிலிருந்து, நமக்குள்ளேயே மணமுடித்துப் பெருகிய ஜனம் நாம். நம்மவர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். சன்னாவுக்கும் இதுதானோ என்று சந்தேகப்படுகிறேன், உறுதியாகச் சொல்ல டாக்டரால்தான் முடியும். எந்தப் பரிசோதனை வேண்டும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அப்படியே அவரிடம் கொடு.

நீ கேட்டதும் அந்த எண்ணெயை அனுப்பியிருந்தால்? அதில் ஸ்டெரால் இன்னும் அதிகம். நாளைக்கு இது கடைக்கு வந்து, இன்னொரு சன்னா தெரியாமல் சாப்பிட்டால்? இனி எந்த முகத்தோடு அந்த விதையைத் தொடுவேன்?

டோரா


ஆல்டர்பேங்க்
செப்டம்பர் 18, 2011

என் தங்கமே டோரா,

போனில் அன்றைக்கு நான் அழுததில் உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது, அதனால் நிதானமாக எழுதுகிறேன். நீ சொன்ன அதே குறைதான். டாக்டர் உன் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கு என் நன்றியைச் சொல்லுங்க" என்றார். மாத்திரை கொடுத்தார், உணவை மாற்றினார். முழங்கைக் கட்டி சுருங்கிவிட்டது. குதிகால் வலி போய், அறுவடை வண்டிக்குப் பின்னால் ஓடுகிறாள்!

"சித்தி என்னைப் பாத்ததே இல்லையே, எப்படிம்மா கண்டுபுடிச்சாங்க?" என்று கேட்கிறாள். உன் பாக்கெட்டுதான்டி காட்டிக்கொடுத்தது என்றேன்.

கடவுளுக்கு நன்றி, உனக்கும் நன்றி. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்குப் போதாது. ஆனால் ஒன்று கேள். என் பிள்ளைக்கு ஆகாது என்பதற்காக அந்த விதையை விட்டுவிடாதே. அப்பா மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்!

என்றும் நன்றியோடு,
அக்கா


சஸ்கட்டூன்
அக்டோபர் 9, 2011

அன்புள்ள அக்காவுக்கு,

வேலையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதம்தான் என்னைத் திரும்பக் குடிலுக்குள் அனுப்பியது.

எங்கள் விதையும் மற்ற கனோலாவைப் போலக் கறுப்புதான். கலந்துவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது. ஆய்வுக்கூடக் கூட்டத்தில் எழுந்து நம் சலவைக் கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். "எங்க காலனியில எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே தையல். சலவையில மாறிடாம இருக்க ஒவ்வொண்ணுலயும் பேரெழுத்தைத் தைப்போம். இந்த விதைக்கும் அப்படி ஒண்ணு வேணும்" என்றேன். மஞ்சள் நிறத்தில் விதை தருகிற கனோலாவும் உண்டு. அதோடு இதை இனக்கலப்பு செய்யப்போகிறோம், எங்கள் விதையும் மஞ்சளாகிவிடும். விவசாயி கையில் அள்ளியதுமே தெரிந்துவிடும். பாட்டிலிலும் யாருக்கு ஆகாது என்று பெரிதாகப் போடுவோம். "இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகுமே" என்று எங்கள் தலைவர் முனகினார். ஆகட்டுமே என்றேன்.

சன்னா இல்லாவிட்டால் எனக்கு இது தோன்றியே இருக்காது. அவளுக்கு என் நன்றியைச் சொல். கூட்டத்தில் எல்லாரும் தைத்த எழுத்தைக் காட்டச் சொன்னார்கள். நான் உடுத்தியிருந்தது கடைத்துணி. காட்ட ஒன்றுமில்லை.

அன்புடன்,
டோரா


ஆல்டர்பேங்க்
அக்டோபர் 23, 2011

அன்புள்ள டோரா,

இதோடு ஒரு உடுப்பு அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் காலனியில் துணி அளந்தபோது உனக்கும் ஒரு பங்கு கேட்டேன். தையல் பொறுப்பில் இருப்பவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழைய அளவா, குண்டாயிட்டாளா?" என்றாள். அவ்வளவுதான். காலருக்கு உள்ளே உன் பேரெழுத்தைத் தைத்தது சன்னா. கொஞ்சம் கோணல்தான், பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை யாகோப் முட்டை இறக்க நகரத்துக்கு வருகிறார். வறுத்த வாத்தும் வரும். திரும்பும்போது வண்டியில் இடம் இருக்கிறது. இந்த உடுப்பைத்தான் போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் வந்தால் நாலு நாள் தங்குவாய், துணி அழுக்காகும், சலவைக்குப் போகும். இது யாருடையது என்று யாரும் கேட்கும்படி இருக்கக் கூடாது, பார்.

யுஸ்டினா