பெரிய எழுத்தில் ஒரு பல்

மார்ச் 4, செவ்வாய்

அக்கா வீட்டுக்காரர் சொந்தமாகப் பல் மருத்துவமனை திறக்கப்போகிறார். நோட்டீஸ் எங்கள் அச்சகத்தில்தான். சொந்தக்காரங்க வேலை என்று முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். காலையில் நீலத்தைக் கூட்டச் சொன்னார் அத்தான், கூட்டினேன். மாலையில் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். காலையில் இருந்த அதே நீலம்தான் இப்போது. "இதத்தான் நான் கேட்டேன்" என்கிறார்.

மனுஷன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நோட்டீஸ் படத்துக்காகப் பல் தெரியச் சிரித்திருக்கிறார். அக்கா மிரட்டி எடுத்தது என்று பார்த்தாலே தெரிகிறது.

மார்ச் 6, வியாழன்

எழுத்து சின்னதாக இருக்கிறதாம். பெரிதாக்கினால் கத்துவதுபோல் இருக்கிறதாம். பொறுமை போயே போச்சு. படத்தில் முன்பல் ஒன்றைக் கறுப்பாக்கினேன் - மேல் வரிசை, இடப்பக்கம். என்ன ஒரு களை. முதல் தடவையாக அத்தானை எனக்குப் பிடித்தது.

அழிக்க மனசு வரவில்லை. சின்ன எழுத்தில் pallu என்று சேமித்தேன். ஒழுங்கான ஃபைல் PALLU. எங்கள் அச்சகத்தில் சின்ன எழுத்து என்றால் இன்னும் வேலை இருக்கிறது, முழுக்கப் பெரிய எழுத்து என்றால் அச்சுக்குப் போகலாம். என் கணினியில் ஓடுவது லினக்ஸ். அதற்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஒரே ஃபோல்டரில் சண்டையில்லாமல் இருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

அத்தான் சரி சொல்லிவிட்டார். மனசு மாறுவதற்குள் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டு, அச்சடிக்கும் மெஷின் அண்ணனிடம் கொடுத்தேன். நடுவில் ஏதோ கேட்டது, ஆமாம் என்று தட்டினேன். கணினி எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

செத்தேன்.

மார்ச் 10, திங்கள்

வீடு வீடாக, பேப்பருக்குள் வைத்துப் போயிருக்கிறது, ஓட்டைப்பல் டாக்டர் நோட்டீஸ்.

மெஷின் அண்ணனிடம் ஓடினேன். "பேரு Pallu-னு இருந்துச்சும்மா. மொத எழுத்து பெருசா இருந்தா அச்சுக்குத்தானே?" என்றார். முதல் எழுத்தா? அவர் அறையில் இருப்பது ஆதி காலத்து விண்டோஸ். முழுக்கப் பெரிய எழுத்தில் பெயர் வைத்தால், முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடக்கிக் காட்டுகிறது. நாங்கள் இங்கே பெரிய எழுத்தில் அனுப்ப, அவர் அங்கே ஒற்றை எழுத்தைப் பார்த்தே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்.

மீதி என் திருவிளையாடல். பென்டிரைவுக்கு pallu, PALLU இரண்டும் ஒரே பெயர். இருப்பதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்றுதான் அன்று கேட்டிருக்கிறது. நான் தட்டியதும், பெயர் PALLU என்றே இருக்க, உள்ளே ஓட்டைப்பல் குடியேறிவிட்டது.

"படத்தப் பாத்து சந்தேகம் வரலையாண்ணே?"

"பல் டாக்டர் நோட்டீஸ்ல பல் இல்லாமத்தானே இருக்கும்?"

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அக்கா பையோடு வந்து நின்றாள். "அது பொய்ப்பல்டி. அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான்தான் உன்கிட்ட ஒளறிட்டேன்னு சொல்றாரு."

எந்தப் பல்? நான் கறுப்பாக்கிய அதே பல். கல்லூரி விடுதியில் பந்தயம் கட்டி, சோடா பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து உடைத்துக்கொண்டாராம். பல் மருத்துவம் படிக்கும்போது. நோட்டீஸில் அவர் எழுதச் சொன்ன முதல் அறிவுரையே "பாட்டில் மூடியைப் பல்லால் திறக்காதீர்கள்"! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பல்லு போனா போகுதுடி. என்ன நம்பல பாரு."

அய்யோ, நான் என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்.

மார்ச் 11, செவ்வாய்

புதிதாகத் திறந்த மருத்துவமனைக்குப் போனேன். ஈ காக்கை இல்லை. அத்தான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் செய்தேன் என்றேன். நம்பவில்லை. "அவளக் காப்பாத்தப் பாக்கறே."

அவர் கணினியிலேயே PALLU என்று ஒரு ஃபைல் வைத்து, பக்கத்தில் pallu வைக்கப் பார்த்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றது. சின்ன எழுத்து வேலை பாக்கி, முழுக்கப் பெரிய எழுத்து அச்சுக்கு என்று எங்கள் பழக்கத்தையும் சொன்னேன்.

"அத்தன பல்லு இருக்க, கரெக்டா அதையே எப்படிப் புடிச்சே?"

"மவுஸ் அங்கதான் நின்னுச்சு அத்தான்."

pallu என்று அவரே ஒருமுறை தட்டிப் பார்த்தார். "அவ ஃபோன எடுக்க மாட்டேங்கறா" என்றார் கடைசியில்.

மார்ச் 12, புதன்

எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். என்னைத் திட்டக்கூட இல்லை. என் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 14, வெள்ளி

அத்தானிடமிருந்து மின்னஞ்சல். "புது நோட்டீஸ் அடிக்கணும். இந்தப் படத்தைப் போடு. பாட்டில் மூடி வரி பெரிதாக இருக்கட்டும். உன் அக்கா சரி சொன்னால் மட்டும் அச்சுக்கு அனுப்பு. நீலம் உன் இஷ்டம்."

படத்தைத் திறந்தேன். அத்தானேதான். வாய்கொள்ளாச் சிரிப்பு. மேல் வரிசை இடப்பக்கம் காலி. கழற்றிய பல்லை இரண்டு விரலில் பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்காவிடம் காட்டினேன். "என் பை எங்கடி?" என்றாள்.

எதற்கும் நிஜமாகவே இதை அடிக்கலாமா என்று அவரைக் கேட்க நினைத்தேன். ஃபைல் பெயரைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

PALLU.