காரணம் கேட்காத லீவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வாரம் தவறாமல் போனில் பேசிக்கொண்டே கடிதமும் எதற்கு என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவும் தம்பியும் பேசி முடித்து போன் என் கைக்கு வருவதற்குள் உங்கள் வேலை நேரம் வந்துவிடுகிறது. முன்பே வந்தாலும் நான் "ம்", "சரிப்பா" என்பதைத் தாண்டுவதில்லை. எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு வாய் முளைக்கிறது.

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. தம்பி நன்றாகப் படிக்கிறான் என்று அவனே சொல்லிக்கொள்கிறான். என் பட்டமளிப்பு விழாவுக்குத் தேதி வந்ததை அம்மா சொன்னதும், வருவதைப் பற்றி "பாக்கலாம்" என்றீர்களாம். உங்கள் "பாக்கலாம்" எங்களுக்குப் பழகியதுதான். அது இருக்கட்டும். ஆபீஸில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, லீவு எல்லாமே கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டன. கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அது இல்லாதவர்களுக்குக் கேண்டீன் வாசலில் ஒரு தொடுதிரை. இதற்கு முன்பு லீவு வேண்டுமென்றால் ஃபோர்மேன் மேசை முன்னால் போய் நிற்கவேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் சைரன். "எதுக்கு லீவு? காதுல விழல, சத்தமா சொல்லு" என்பார். மெஷின் இரைச்சலுக்கு நடுவில், நாலு பேர் திரும்பிப் பார்க்க, பெண்கள் தங்கள் வயிற்றுவலியைக் கத்திச் சொல்லவேண்டும். அதற்குப் பயந்தே பலர் லீவு எடுப்பதில்லை.

புது முறையைத் தொழிலாளர்களுக்கு விளக்கும் வேலையை மேனேஜர் என் தலையில் கட்டினார். கேண்டீனில் எல்லோர் முன்னாலும் மைக்கை முகத்துக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்டும் பிரிவு அக்கா ஒருத்தி, "பாப்பா, உனக்கும் மைக்குக்கும் என்ன சண்டை? கிட்ட வச்சுப் பேசு" என்றாள். கேண்டீனே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது அப்பா!

மறுநாள் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. திறந்து பார்த்தால் தலை சுற்றியது. காரணம் எழுதும் கட்டத்தில் இரண்டு வரிதான் கொள்ளும். நம் ஆட்களோ பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே எழுதியிருக்கிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் தங்கள் தொழிற்சாலையில் ஒட்டும் பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். எனக்கு" என்பதோடு இடம் தீர்ந்துவிட்டது. ஒருவரால்கூடக் காரணம் வரை வந்து சேர முடியவில்லை. திரை முழுக்க மரியாதை, கடைசியில் ஒரு "எனக்கு".

மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, இவர்களுக்கு இது சரிப்படாது, லீவை மட்டும் பழையபடி ஃபோர்மேனிடமே விட்டுவிடலாம் என்றார். சைரனுக்கு முகமெல்லாம் பல். நான் எழுந்து நின்றுவிட்டேன். "சார், காரணம் நமக்கு எதுக்கு? வருஷத்துக்கு இத்தனை நாள்னு நாமதான குடுத்திருக்கோம்? அந்தக் கட்டத்தையே எடுத்துடலாமே" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சைரன் விடுவாரா? "காரணம் கேக்கலன்னா நாளைக்கு மெஷின் மட்டும்தான் வேலைக்கு வரும்" என்றார். மேனேஜர், ஒரு மாதம் பார்ப்போம், மெஷின் நின்றால் பொறுப்பு உன்னுடையது என்றார்.

நிற்கவில்லை அப்பா! யார் எப்போது வரமாட்டார்கள் என்பது முன்கூட்டியே தெரிவதால் ஆள் மாற்றிப் போடுவது சுலபமாகிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் குறைந்தது. நேற்று மேனேஜர், இனி இதுதான் நடைமுறை என்று அறிவித்துவிட்டார். ஒட்டும் பிரிவில் கைதட்டிய சத்தம் மாடி வரை கேட்டது. அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு எனக்கு என்று நினைக்கும்போது இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

இதைக் கேளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு சைரன் என் மேசைக்கு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எனக்கும் ரெண்டு நாள் வேணும்மா. எங்க அமுக்கணும்?" என்று கிசுகிசுத்தார். அவர் லீவே எடுத்ததில்லையாம். மேனேஜர் முன்னால் போய் நின்று கேட்கக் கூச்சமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்பா, உங்கள் கப்பல்பட்டறையிலும் இப்படி ஒரு முறை இருக்கிறது என்று உங்களோடு வெல்டிங் வேலை செய்யும் மாமா ஊருக்கு வந்தபோது சொன்னார். உங்களுக்கு நிறைய நாள் சேர்ந்து கிடக்கிறதாம். கேட்டால் கொடுப்பார்களாம். நீங்கள் கேட்டதே இல்லையாம். இந்தக் கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். இத்தனை பக்கம் எழுதியதே இதைக் கேட்கும் தைரியத்துக்காகத்தான். விழாவுக்கு லீவு கேளுங்கள் அப்பா. அவர்கள் இல்லை என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு முந்திக்கொண்டு நீங்களே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நம் வீட்டில் முதல்முதலாக ஒருத்தி பட்டம் வாங்குகிறாள். மேடையிலிருந்து பார்க்கும்போது அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருக்கவேண்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மூத்த மகள்