நாலாவது டிக்

செவ்வாய், ஜூலை 8

விடிந்ததிலிருந்து மழை. வாஷி பிளாட்ஃபாரத்தில் வழுக்கி விழப் பார்த்தேன்.

ஆபீசில் செம்பூர் கெமிக்கல் பிளான்டுக்கான கிராஃப். காற்றில் கேஸ் எவ்வளவு என்று ஓடும் கோடு. சிவப்புக் கோட்டைத் தொட்டால் எல்லாரும் வெளியே ஓட வேண்டும். கிராஃப் வரையும் சாஃப்ட்வேர் புது வெர்ஷன், அதனால் செட்டிங்ஸ் எல்லாம் மறுபடி செக்:

– இழுத்தால் நகர்கிறதா. டிக்.
– மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கவாட்டில் விரிகிறதா. டிக்.
– டபுள் கிளிக் செய்தால் பழையபடி வருகிறதா. டிக்.
– உருட்டும்போது கோட்டின் உயரம் மாறாமல் பூட்டியிருக்கிறதா. டிக்.

நாலாவதைப் பார்க்காமலேயே டிக் போட்டேன். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறுகிறது, 5.42 லோக்கல் ரயிலை விட்டால் தாராவி போய்ச் சேர முடியாது. எப்போதும் பூட்டித்தானே இருக்கும்.

என் வீட்டுக்காரர் அந்த பிளான்டில்தான் ஆப்பரேட்டர். கிராஃபை செக் பண்ணுவது நான் என்று சொன்னதும் வாயெல்லாம் பல்.

புதன்

மழை விடவில்லை. கிராஃபை பிளான்டில் போட்டாயிற்றாம். மனசு கேட்காமல் நாலாவதை இன்று பார்த்தேன். பூட்டே இல்லை. சக்கரத்தில் ரெண்டு உருட்டு, ஏறுகிற கோடு தரையோடு படுத்துவிட்டது. சிவப்புக் கோடும் அதன்மேலேயே ஒட்டிக்கொண்டது. எது எங்கே என்றே தெரியவில்லை. மறுபடி உருட்டினேன். அதேதான். ஐயோ.

லீட் மேடத்துக்கு மெயில் எழுதினேன். அழித்தேன். பொய் டிக் என்று தெரிந்தால் என் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோடு சரி.

டப்பா சோறு இறங்கவில்லை. பிளான்டில் சைரன் இருக்கிறதே, அது கத்தும். கத்துமா?

வியாழன்

காலையில் சும்மா கேட்பது போல இவரிடம் சைரனைப் பற்றிக் கேட்டேன். மழையில் கெட்டுக் கிடக்கிறதாம். அதனால்தான் ஸ்கிரீனையே பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இவருக்கு மதியம் ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். மூன்று வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 3.10, பாத்ரூமுக்குள் போய் போன் பண்ணினேன். கோடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஏளா, டென்சன் எடுக்காத. அது சும்மா படுத்துல்லா கெடக்கு."

கிராஃப் மேல் டபுள் கிளிக் பண்ணச் சொன்னேன். எதுக்கு என்றார்.

"பண்ணுங்க. கேள்வி கேக்காதீங்க."

கிளிக் சத்தம். அப்புறம் எல்லாரும் வெளியே போங்க என்று இந்தியில் கத்தினார். போன் கட்.

3.25. எடுக்கவில்லை.

3.40. எடுக்கவில்லை. முருகா, அந்த மெயிலை நேற்றே அனுப்பியிருந்தால்.

3.50. ஸ்விட்ச் ஆஃப்.

4.05. யாருடைய போனிலிருந்தோ அவரே கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே மழையில் நிற்கிறார்களாம், பதினோரு பேர். கண் எரிச்சல், வேறொன்றுமில்லையாம். அழுதுவிட்டேன்.

"எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், கேட்டியா. என் வீட்டுக்காரி செக் பண்ணுனதாலதான் பொழச்சோம்னு."

ம் என்றேன்.