மாடன் மேடையும் பன்னிரண்டு அடியும்

ஜூன் 3, செவ்வாய்

மேல்காற்று தொடங்கிவிட்டது. கடை வாசலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் குடங்கள் ரோட்டில் உருண்டன. ஒன்று பஸ் சக்கரத்தில். மிச்சத்தைக் கயிற்றில் கோத்துக் கட்டியாயிற்று.

காலை 10, நகராட்சி ஆபீஸ். குளக்கரை மேம்பாட்டுக் கமிட்டி. வியாபாரிகள் சார்பில் நான். இன்ஜினியர் படத்தை விரித்தார். வரப்போவது:

நாலு கரையிலும் நடைபாதை, கம்பி வேலி.
நடுவில் நீரூற்று, கலர் விளக்குடன்.
மேல்கரையில் சிறுவர் பூங்கா. சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி ஒன்று.
ஊர்ப் பெயர் ஆள் உயர எழுத்தில், பக்கத்தில் சிவப்பு இதயம். செல்ஃபி எடுக்க.
வாத்து வடிவப் பெடல் படகு, இரண்டு.

குளத்தில் இப்போது கணுக்கால் அளவு தண்ணீர். படகு எதில் ஓடும் என்று கேட்டேன். "போர் போட்டு நிரப்பிருவோம்" என்றார். எழுதிக்கொண்டார்கள்.

இதில் எனக்கு ஆதாயம் உண்டு. என் குடோன் மேல்கரையில், குளத்துக்கு மேற்கே இருக்கிறது. வாசல் ரோட்டுக்கு, முதுகு குளத்துக்கு. இந்த ஊரில் எல்லோரும் குளத்துக்கு முதுகைக் காட்டித்தான் கட்டியிருக்கிறோம். பூங்கா வந்தால் முதுகு முகமாகிவிடும். பின்சுவரை உடைத்து ஷட்டர் போட வேண்டும். ஜூஸ், ஐஸ்கிரீம், பலூன். சாயங்காலக் கூட்டம் முழுக்க நம் வாசலில்.

வீட்டில் சொன்னேன். சுப்புலட்சுமி முறுக்குப் பிழிந்துகொண்டே, "ஷட்டருக்கு நீலக் கலர் அடிங்க. பச்சை வேண்டாம், கட்சிக் கொடி மாதிரி இருக்கும்."

ஜூன் 5, வியாழன்

வெயில். காற்றில் புழுதி.

சர்வேயர் வந்தார். சின்ன வயசு, நிதானமான ஆள். குளத்துக்கு நாலு எல்லைக் கல். மூன்றைக் காணோம். மிச்சம் ஒன்று என் குடோனுக்குப் பின்னால். அது எங்கள் எல்லைமாடன். மஞ்சள் துணி, சந்தனக்காப்பு, சிமெண்ட் மேடை, வெள்ளிக்கிழமை விளக்கு.

சர்வேயர் செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தார். உள்ளே வெட்டிய அம்புக் குறி, சர்வே கல்லின் அடையாளம்.

டீக்கடை ஆள் ஒருத்தன்: "ஏலே, மாடன் கவர்மெண்டு ஆளால்லா இருந்திருக்காரு!"

இன்னொருத்தன்: "அதான் மனு குடுத்தா பதிலே வரல."

சிரிப்பு. சர்வேயரும் சிரித்தார். பிறகு கல்லில் டேப்பைப் பிடித்தார். குளத்தின் அகலம் பழைய பதிவில் இருக்கிறது. கல்லிலிருந்து அந்த அகலத்தைக் கிழக்கே அளந்தால் கீழ்கரை எல்லை கிடைத்துவிடும்.

முடிவு: என் குடோன் சுத்தம். கீழ்கரையில் பேச்சியம்மாள் வீடு குளத்துக்குள் பன்னிரண்டு அடி வந்திருக்கிறது. அடுக்களையும் ஆட்டுக் கொட்டிலும் ஆக்கிரமிப்பு. சுவரில் சிவப்புப் பெயிண்ட் கோடு.

பேச்சி ஆடு வளர்ப்பவள். நாற்பது உருப்படி. புருஷன் இல்லை. நான் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு பனவடலி, கரிவலம் என்று சுற்றிய நாளிலேயே அவளைத் தெரியும். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கோட்டைத் தொட்டுப் பார்த்தாள், விரலில் ஒட்டிய பெயிண்டைச் சேலையில் துடைத்தாள். "எங்கப்பன் காலத்துப் பட்டா சார் இது" என்றாள் ஒரே ஒரு தடவை.

பன்னிரண்டு அடி. அது எந்தப் பன்னிரண்டு அடி என்று எனக்குத் தெரியும்.

குடோன் கட்டின வருஷம் அந்தக் கல் ரோட்டை ஒட்டிக் கிடந்தது. நான் கட்ட நினைத்த இடத்துக்கு நடுவில். "சாமி தூசியில கிடக்காரு, தண்ணியப் பாத்த மாதிரி மேடை கட்டி வைக்கேன்" என்று ஊரில் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். சேவல் அறுத்தோம். பொங்கலிட்டது பேச்சி. கல்லைப் பன்னிரண்டு அடி கிழக்கே கொண்டுபோய் நட்டோம். விட்ட இடத்தில் குடோன்.

அன்று கல்லைக் குளிப்பாட்டும்போதே அம்புக் குறியைப் பார்த்தேன். சந்தனத்தைக் கொஞ்சம் கனமாகவே அப்பினேன்.

ஜூன் 6, வெள்ளி

பல் வலி. கிராம்பு.

பேச்சி கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, கமிட்டில நீங்க இருக்கியள்லா. ஒரு மனு எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி இடம் எனது தகப்பனார் காலந்தொட்டு அனுபவத்தில்' என்று நல்ல கையெழுத்தில். அவள் பெயரை மட்டும் அவளே போட்டாள்.

"நீங்க எழுதினா ஞாயமா இருக்கும்" என்றாள்.

ஒரு வாளி வாங்கினாள். கைப்பிடியை மூன்று தடவை இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தாள்.

ஜூன் 9, திங்கள்

பேச்சி மனு கமிட்டிக்கு வந்தது. கல்தான் சாட்சி, கல் சொல்லிவிட்டது என்றார் சர்வேயர். தப்பில்லை, அவர் வேலையைத்தான் அவர் செய்கிறார்.

நடைபாதையைக் கீழ்கரையில் கொஞ்சம் வளைத்தால் என்ன என்று நான் கேட்டேன்.

இன்ஜினியர்: "அங்க வளைச்சா இங்க எடுக்கணும் அண்ணாச்சி. உங்க குடோனைத் தாரியளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

17ஆம் தேதி ஜேசிபி வருகிறது. மினிட்ஸில் ஏறிவிட்டது.

மாலை நீரூற்று சோதனை. தற்காலிகத் தொட்டி, ஒரு மோட்டார். தண்ணீர் நன்றாகத்தான் எழும்பியது. மேல்காற்று அதை அப்படியே தூக்கி டீக்கடை வடைச் சட்டியில் போட்டது. எண்ணெய் தெறித்து ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். கடைக்காரர்: "இன்ஜினியர் சார், அடுத்த தடவை தண்ணிய விடுறதுக்கு முன்னால சொல்லுங்க, மாவைக் கரைச்சு வைக்கேன்." காற்று இல்லாத மாசம் பார்த்துத் திறக்கச் சொல்ல வேண்டும். அல்லது உயரத்தைக் குறைக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

வாசுதேவநல்லூரில் கல்யாணம். சாப்பாடு நன்று, பாயசம் தண்ணி. திரும்பி வரும் பஸ்ஸில் யோசனை: கரிவலம் ரோட்டில் என் காலி மனை சும்மாதான் கிடக்கிறது. பேச்சிக்கு அதைக் கொடுத்துவிட்டால் கல்லைப் பற்றிப் பேச்சே எழாது. நான் தர்மவானாகவும் ஆகிவிடலாம்.

இறங்கியதும் நேரே கீழ்கரைக்குப் போய்ச் சொன்னேன். ஆட்டுக்குட்டி ஒன்றுக்குக் காலில் மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி உங்க மனை?"

"சும்மா தாரேன். எழுதியே தாரேன்."

"ஆடுக இங்கன வந்து பழகுனதுக. சாயங்காலமானா அதுகளாத்தான் வரும். வீடு மாறிட்டுன்னு நீங்க வந்து ஒவ்வொண்ணுக்கும் சொல்லுவியளா?"

குட்டி கத்தியது.

"சும்மா குடுக்கிற ஆளு இல்லையே நீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜூன் 13, வெள்ளி

மேகம், மழை இல்லை. சாரல் எல்லாம் குற்றாலத்தோடு சரி.

மாடன் மேடையில் விளக்கு. ஏழெட்டுப் பெண்கள், பேச்சியும். யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: மாடன் கனவில் வந்தார், பழைய இடத்துக்கே போக வேண்டும் என்கிறார்.

சாமி விஷயத்தில் இந்த ஊரில் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். ஒருத்தி குலவை போட்டாள். சேவலுக்கு ஆள் தயார். ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிடலாம் என்றார்கள். கல் நகர்ந்தால் மறுபடி அளப்பார்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அப்படித்தான் என் கணக்கு.

பேச்சி மட்டும், "பழைய இடம்னா சரியா எங்கன அண்ணாச்சி?"

"இப்ப குடோன் நிக்கிற இடம்."

அவள் மேடையைப் பார்த்தாள். குடோன் சுவரைப் பார்த்தாள். அங்கிருந்து சுவர் ஓரமாகவே ரோடு வரை நடந்தாள், அடிமேல் அடி வைத்து, எண்ணிக்கொண்டே. அப்படியே போய்விட்டாள்.

உடனே சர்வேயரைப் போய்ப் பார்த்தேன். கனவைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, கனவை ஃபைல்ல வைக்க முடியாது. கல்லை இப்பத் தொட்டா உங்க மேலதான் கேஸ் வரும். முன்னாடியே யாராவது நகர்த்தியிருந்தா, நகர்த்தின ஆள் எழுதிக் கையெழுத்துப் போடணும். அன்னைக்குக் கூட இருந்த ஒரு ஆள் சாட்சி போடணும். அப்பத்தான் மறு அளவு."

அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

கடை விடுமுறை. குடோனை அளந்தேன். பன்னிரண்டு அடி போனால் மிச்சம் ஐந்து. ஷட்டர் போடலாம், உள்ளே சரக்கும் வைத்து ஆளும் நிற்க முடியாது.

சுப்புலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு இது புதிது. அரிசியைக் களைந்து முடித்தாள்.

"பேச்சி வீட்டை இடிக்கிற அன்னைக்கு நீங்க கடையில இருப்பியளா, அங்க போய் வேடிக்கை பாப்பியளா?"

"கடையிலதான்."

"அங்கன இருந்து சத்தம் கேக்கும்லா" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஜூன் 16, திங்கள்

காற்று பலமாக இருந்தது. சர்வேயர் ஆபீஸ், காலை 11.

எழுதிக் கொடுத்தேன். 'என் சொந்த உபயோகத்துக்காக மேற்படி கல்லைப் பன்னிரண்டு அடி கிழக்கே நட்டது நான்.' ஒரே பாரா. கனவு இல்லை, சாமி இல்லை. அபராதம் வரும் என்றார், வரட்டும். கமிட்டியில் இனி என்னை உட்கார வைக்க மாட்டார்கள்.

சாட்சிக்குப் பேச்சியை வரச் சொல்லியிருந்தார்கள். அன்று பொங்கலிட்டவள், வேறு யார். ஆடுகளை ஆபீஸ் வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்தாள். சர்வேயர் உரக்கப் படித்துக் காட்டினார். அவள் ஜன்னல் வழியாக ஆடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அது சர்வே கல்லுன்னு அன்னைக்கே தெரியுமா, பெறகுதான் தெரியுமா?"

காகிதத்தில் அது இல்லை. சர்வேயரும் கேட்கவில்லை. பிறகுதான் என்று சொன்னால் யாரும் சோதிக்க முடியாது. வாய் வரை வந்தும்விட்டது.

"அன்னைக்கே தெரியும்."

தலையை ஆட்டினாள். கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. எழுந்து போனாள். டீ வரவழைத்திருந்தேன், குடிக்கவில்லை.

மாலை மறு அளவு. அவள் சுவரில் இருந்த சிவப்புக் கோட்டின் மேல் சுண்ணாம்பு. என் சுவரில் புதுக் கோடு.

ஜேசிபி சொன்ன தேதியிலேயே வருகிறது, நாளை ஒன்பது மணிக்கு. கரை மட்டும் மாறிவிட்டது. அதற்குள் குடோனில் உள்ள பெரிய டிரம், டப், அண்டா எல்லாவற்றையும் கடைக்கு எடுக்க வேண்டும். குடங்கள் கடைசியில்.