மூன்று பக்கம் மிச்சம்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று பக்கக் காகிதத்தை மிச்சம் பிடித்த மேதைக்கு உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் குட்டியும் நலம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அடுப்படிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. அடுத்தவர் வேலையில் கையை வைத்துக் கெடுப்பவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்ப முடியாமல், இரண்டாவது முறை திட்டுவதற்கு வார்த்தை தேடி. 'அக்கா, அத்தான் வாசிக்கிற செல்லோ வாத்தியத்தோட இசைக்குறிப்புத் தாள்ல நீ பாதிப் பக்கத்தைக் காலியா விட்டுட்டே. வரியெல்லாம் ஒண்ணு நெருக்கமா, ஒண்ணு தள்ளித் தள்ளி இருந்துச்சு. நானே ஒரே பட்டன்ல சரி பண்ணிட்டேன். எட்டுப் பக்கம் அஞ்சு பக்கமாயிடுச்சு' என்று பெருமை வேறு. சபாஷ். அடுத்த பத்தியிலேயே, ஒத்திகையில் அத்தான் பக்கம் திரும்பும் இடத்தில் மூன்று முறை தடுமாறினார், குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் 'வேற ஆளைப் பாத்துக்கலாமா' என்று கேட்டார், வெள்ளிக்கிழமை ஒத்திகையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம், பாவம் அத்தானுக்கு வயசாகிவிட்டது போல என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பத்திக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். அதைத் தாண்டி உன் மூளை போகவில்லை.

நீ இசையமைப்பாளர். மெட்டு உனக்கு ஊற்றெடுத்து வருகிறது என்கிறார்கள், வரட்டும். ஆனால் உன் இசைக்குறிப்பை நான் தாளில் அடுக்கும் அந்த மென்பொருளைப் பற்றி உனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அது வரிகளைச் சமமாகப் பரப்பும். பக்கம் நிறைந்ததும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். வாசிக்கிறவருக்கு இரண்டே கைதான் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் அதன் தலையில் குட்டி, இந்த வரியை இங்கே நிறுத்து, இந்த வளைகோட்டை மயிரிழை மேலே தூக்கு, செல்லோ சும்மா இருக்கும் இந்த இடத்தோடு பக்கத்தை முடி என்று ஒவ்வொன்றாக நான் நகர்த்தி வைக்கிறேன். பதினொரு நாள் வேலை அது. நீ அமுக்கியது, கையால் நகர்த்தியதையெல்லாம் அழித்துப் பழையபடி ஆக்கும் பட்டன். அதற்குப் பெயர் சரி பண்ணுவதா?

இப்போது ஒன்று சொல்கிறேன், உன்னோடு வைத்துக்கொள். அத்தானுக்கு வயசாகவில்லை. அங்கே கிளம்புவதற்கு முன்னால் இங்கே மாடிப்படியில் விழுந்தாரே, அன்றிலிருந்து இடது தோள் சரியில்லை. வாசிக்க முடியும், கையைச் சட்டென்று நீட்டிப் பக்கம் திருப்ப முடியாது. மெதுவாக நாலு எண்ணிக்கை வேண்டும். தெரிந்தால் குழுவிலிருந்து கழற்றிவிடுவார்கள் என்று பயந்து என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால் உன்னிடமும் சொல்லவில்லை. அந்தக் காலி இடம் இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீ கை வைத்திருக்க மாட்டாய். அந்தத் தப்பு என்னுடையது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அத்தான் என்கிற அந்தப் பெரிய மனுஷரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினாலு மாதத்துக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ இருக்கும் ஊருக்குக் கிளம்பும்போது என் மேசையைப் பார்த்து, 'புள்ளிய இங்கேருந்து அங்கே நகத்துறதெல்லாம் ஒரு வேலையா?' என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போனில் குட்டியிடம்தான் பேச்சு. என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. நானும் பேசவில்லை. அங்கே வந்து உன் இசைக்கு ஏழு கச்சேரி வாசித்துவிட்டார். ஏழிலும் நான் அடுக்கிய ஒவ்வொரு பக்கமும் அவர் கை சும்மா இருக்கும் இடத்தில்தான் முடிந்தது. தானாக அமைந்தது என்று நினைத்தாரோ, எல்லாம் தன் சாமர்த்தியம் என்று நினைத்தாரோ. இரண்டையும் நினைக்கக்கூடிய ஆள்தான்.

அங்கே வேலை போனால் இங்கேதானே திரும்பி வருவார், அக்காவுக்கு நல்லதுதானே என்று நீ யோசித்தாலும் யோசிப்பாய். அந்த யோசனையைத் தூக்கி எறி. துரத்திவிட்டார்கள் என்று வந்து நிற்பவருக்குக் கதவு திறக்க எனக்கு இஷ்டமில்லை. வருவதானால் அவராக வரட்டும்.

ஃபைலை அனுப்பினால் நீ மறுபடி எதையாவது அமுக்குவாய். அதனால் எட்டுப் பக்கத்தையும் அச்சடித்து, பக்கங்களை ஒட்டி, இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். அதன் மேல் பேனா, பென்சில், உன் அறிவு எதையும் பயன்படுத்தாதே. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் உன் ஐந்து பக்கத்தை எடுத்துவிட்டு இதை அவர் ஸ்டாண்டில் வை. மூன்றாம் பக்கம் பாதி வெள்ளையாகத்தான் இருக்கும், பதறாதே. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல், நீயாகச் சொல்வதுபோல.

என் பெயரை எடுக்காதே. மூன்றாம் பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொள். இது யார் செய்தது என்று கேட்டால், கேட்டார் என்று எனக்கு எழுது. கேட்காவிட்டால் ஒத்திகை நன்றாக நடந்தது என்று எழுது, போதும்.

உன் விரல்களுக்கு நல்ல புத்தி வரட்டும். நன்றாக இரு.

இப்படிக்கு,
புள்ளி நகர்த்துகிறவள்,
உன் அக்கா