மூக்குத்தி போட்டவள்

திருமுருகனுக்கு,

உன் சௌக்கியத்தைக் கேட்டு இதை எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு சசிகலா எழுதுகிறாள். திட்டினால் அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. வோட்டு அட்டையில் முகமே கறுப்பு. கருமாதிக்கு நீ வரைந்து கொடுடா என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் நடுவில் என்ன சொன்னாய்? "அச்சு அசலா வரையறதெல்லாம் ஆர்ட் இல்லப்பா, காலேஜ்ல நாங்க அதைத் தாண்டி வந்துட்டோம்."

கடைசியில் பூலாம்பாடியில் கடைப் பலகை எழுதுகிறவன் வரைந்தான். அவளைப் பார்த்தே இராதவன், பாவம். மூக்கே குத்தாதவளுக்கு மூக்குத்தி போட்டு, அட்டிகையும் மாட்டி, யாரோ ஒருத்தியைக் கொண்டுவந்து கொடுத்தான். மாலை அவளுக்குத்தான் விழுந்தது. "அண்ணி இதுல நல்லா லட்சணமா இருக்கு" என்கிறாள் உன் அத்தை. அவளையும் திட்டிவிட்டேன்.

உன்னைச் சேர்க்க வந்த அன்று அந்தக் காலேஜில் ஒரு கிழவனை ஸ்டூலில் உட்கார வைத்துப் பிள்ளைகள் வரைந்துகொண்டிருந்தார்கள். அவன் கழுத்தில் தொங்கிய சதைகூடத் தாளில் அப்படியே இருந்தது. படிக்காமல் இது வராது என்று அங்கேயே முடிவு பண்ணித்தான் உன்னைச் சேர்த்தேன். கூலிக்கு உட்கார்ந்தவன் முகத்தில் கற்றுக்கொண்டது பெற்றவள் முகத்துக்கு ஆகாதா?

இடது புருவத்து வெட்டு, வெற்றிலைக் கறை ஏறிய முன்பல், சிரித்தால் ஒருபக்கம் ஒதுங்கும் வாய். ஒவ்வொன்றாய் நான் சொல்கிறேன், நீ வரை.

சீக்கிரம் வா. நேற்று கண்ணை மூடி அவளை நினைத்தேன். மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

உன்னைப் பெற்றவன்
(கைநாட்டு)